வடக்குக் காட்டுப் படல்

ஜனவரி 3, வெள்ளி

ஆடுகள் 61. பெட்டை 45, கிடாய் 2, குட்டி 14.

இந்த எண்ணை இத்தனை வருஷமும் வீட்டுக்காரர்தான் காலண்டரில் எழுதுவார். நவம்பர் பத்தொன்பதாம் தேதி பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை எழுதவில்லை. உரக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இனி நான் எழுதுகிறேன். சத்துணவு மையத்தில் முப்பத்தொரு வருஷம் அரிசி, பருப்பு, முட்டை இருப்பு எழுதிய பழக்கம்.

எங்களுக்குத் தெற்கு, கிழக்கு, வடக்கு என்று மூன்று மேய்ச்சல் காடுகள், மொத்தம் இருபத்தேழு ஏக்கர். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள். காலையில் ஆட்டை உள்ளே விட்டு வாசல் படலைச் சாத்தினால் மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காட்டில் மேயும்போது மற்றது ஆறிக் கிடக்கும்.

இந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் பொய்த்துவிட்டன. டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு நாள் பெய்தது, அவ்வளவுதான். தெற்கும் கிழக்கும் ஏற்கெனவே மேய்ந்து தரை தெரிகிறது. வடக்கில் மட்டும் புல் கணுக்கால் உயரம் வந்திருக்கிறது. அதைத் தை முடியும்வரை தொடக்கூடாது. கதிர் முற்றி விதை கொட்டினால்தான் அடுத்த மழைக்குப் புல் உண்டு.

மழை ஓய்ந்ததும் அவர் காட்டை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, இந்த வருஷம் இத்தனை ஆடுதான் தாங்கும் என்பார். இந்தத் தடவை படுத்தபடியே சொன்னார்.

"இருவது போகோணும் புள்ள." வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன.

"போகட்டுங்க. தைப்பூசம் கழியட்டும். ஊரே பழனிக்கு மாலை போட்டிருக்குது, கறி ஆரு வாங்கறாங்க?"

"எதெதுன்னு பாத்தாச்சும் வெய்யி."

"பாக்கறனுங்க."


ஜனவரி 5, ஞாயிறு

61.

எட்டுப் பத்து பஸ்ஸில் மூலனூர் போய் அரைக்கிலோ கறி வாங்கி வந்தேன். இதுவும் அவர் செய்த வேலை. தாவூத் பாய் கடையில் கூட்டமே இல்லை. நான் கேட்பதற்கு முன்பே நெஞ்சுக்கறியாகத் தனியே எடுத்து வைத்திருந்தார். "அண்ணனுக்கு இதுதான் புடிக்கும்" என்றார்.

எங்கள் பட்டி ஆட்டை நாங்கள் தின்பதில்லை. இந்த வீட்டு வழக்கம் அது. கறி கடையில்தான். விற்பது அவர் பொறுப்பு. வாங்க ஆள் வருகிற நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆள் வருகிற நாளில் எனக்கு ஏதாவது வெளிவேலை வந்துவிடும்.


ஜனவரி 9, வியாழன்

61.

ரப்பர் பந்தை அவர் இருபது தடவை அழுத்த வேண்டும் என்று பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் சொல்லியிருக்கிறாள். இன்று பதினொன்று.

ஆடுகள் காலையில் கிழக்குக் காட்டுக்குள் போவதில்லை. வடக்குப் படலுக்கு முன்னால் போய் நின்றுகொள்கின்றன. வேலிக்கு அந்தப்பக்கம் புல் வாசம் அவற்றுக்குத் தெரிகிறது. ஒன்பது மணிவரை கத்தின. காய்ந்த சோளத்தட்டு நாலு கட்டு போட்டேன். வெங்கச்சாங்கல்லை மென்றதுபோல் மென்றன.

எவை இருபது என்று இன்னும் பார்க்கவில்லை.


ஜனவரி 11, சனி

காதில் கறுப்புப் புள்ளி உள்ள பெட்டைக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வடக்குப் படலை ஒரு முழம் நகர்த்தினேன், அந்தத் தாய் ஒன்று மட்டும் போகட்டும் என்று. ஒரு முழத்தில் அறுபத்தொன்றும் போய்விட்டன.

அரை மணி விடலாம் என்று நினைத்தேன். திருப்பி ஓட்டி வர ஒன்றே கால் மணி ஆயிற்று. மேற்கு ஓரத்தில்தான் மேய்ந்தன. அதனால் ஒன்றும் ஆகிவிடாது.

சாயந்திரம் அவர், "எத்தன?" என்றார்.

"அறுவத்தொண்ணுங்க."

"எங்க மேஞ்சுது?"

"கெழக்கதானுங்க."


ஜனவரி 12, ஞாயிறு

61. இன்றும் மேற்கு ஓரம் மட்டும்.


ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மகள் சுகந்தியும் மாப்பிள்ளையும் கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறார்கள். அவள் ஒரு வருஷமாகக் கறி, முட்டை எதுவும் தொடுவதில்லை. இந்தத் தடவை பாலும் வேண்டாம் என்று கடுங்காப்பி குடித்தாள். அப்பாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"அம்மா, இது அறுவதும் உசுருதான?"

"உசுருதான்."

"அப்பறம் எப்பிடிம்மா, பேரு சொல்லிக் கூப்புட்டு வளத்துப்போட்டு கறிக்கு அனுப்பறீங்க?"

"சரி. என்ன பண்ணலாங்கற?"

"எல்லாத்தயும் வித்துப்போட்டு ரெண்டு பேரும் எங்ககூட வந்துருங்க."

"வித்தா எங்க போகும்னு நெனைக்கற? ஆசிரமத்துக்கா?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

"விக்க வேண்டாம். இருக்கறது இருக்கட்டும். இனிமே குட்டி போடாமப் பாத்துக்கங்க."

"கிடாய் வெளியதான் நிக்குது. நீயே ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போ."

கட்டிலில் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நவம்பருக்குப் பிறகு இன்றுதான். சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் போகிறது.

அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.


ஜனவரி 16, வியாழன்

கரிநாள். மாப்பிள்ளைக்காகக் கறி எடுத்தேன். சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டார், வாசலில் ஒரு கண் வைத்தபடி. "அத்தை, கோயமுத்தூர்ல கறியே வேற மாதிரி இருக்குதுங்க. இதுக்கு ஒரு ருசி இருக்குது. எங்க வாங்கறீங்க?" என்றார். மூலனூர் என்றேன்.

மதியம் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போனதும் படலைத் திறந்தேன். ஒரு மணி நேரம்.


ஜனவரி 18, சனி

61. இரண்டு மணி நேரம். மேற்கே மேகம் கட்டியது. மழை மட்டும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.


ஜனவரி 19, ஞாயிறு

மேகம் கலைந்துவிட்டது. இரண்டரை மணி.


ஜனவரி 20, திங்கள்

புள்ளிக்காது பெட்டையின் குட்டி செத்துவிட்டது. பத்து நாளாகத் தாய் வயிறு நிறைய மேய்ந்தும் பால் இறங்கவில்லை. மரத்தடியில் புதைத்தேன். தரை கல்லாக இருந்தது. கடப்பாரையால் முக்கால் மணி.

60.

சாயந்திரம் அவர் கேட்டபோது அறுபத்தொன்று என்றேன். அதிர்ச்சி தரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.


ஜனவரி 22, புதன்

வெயில் பட்டால் நல்லது என்று சாயந்திரம் நாற்காலியைப் பட்டி ஓரமாகப் போட்டு அவரை உட்காரவைத்தேன். ஆடுகள் திரும்பி வந்தன. பெரிய கிடாய் நேராக அவரிடம் போய் முழங்காலில் தலையை வைத்தது. அவர் இடது கையால் அதன் பின்தொடையைத் தடவினார். பிறகு எதையோ பிடுங்கினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"இங்க வா."

உள்ளங்கையைக் காட்டினார். கொழுக்கட்டைப் புல்லின் கதிர்முள் மூன்று, ஆட்டு மயிரோடு. நடுவில் இருக்கும் விதையை நகத்தால் நசுக்கினார். பால் வந்தது.

"பச்ச" என்றார். "எத்தன நாளா?"

"பன்னண்டு நாளுங்க."

"ஏம் புள்ள?"

"பசியில கத்துச்சுங்க. வாயில்லாத சீவன். என்னால காது குடுக்க முடியலிங்க."

அவர் கதிர்முள்ளைக் கீழே போடவில்லை.

"காட்டுக்கும் வாயில்ல புள்ள."

விளக்கு வைத்த பிறகு இன்னொன்றும் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முந்தாநேத்திருந்து அறுவதுதான் வருது. நானும் எண்ணறேன்."


ஜனவரி 23, வியாழன்

காலையில் வடக்குக் காட்டை முதல் தடவையாக முழுக்க நடந்தேன். 'மேற்கு ஓரம்' என்று எழுதிவந்தது சரியல்ல. கிழக்கு வேலியிலிருந்து இருநூற்றுப் பத்து தப்படிவரை புல் நிற்கிறது, கதிரோடு. அதற்கு மேற்கே நூற்றுப் பத்து தப்படிக்கு ஒரு கதிர்கூட இல்லை. சில இடங்களில் தூரையே பிடுங்கித் தின்றிருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு.

படலை மூடிக் கருவேல முள்ளால் கட்டினேன். கையில் நாலு இடத்தில் கிழித்துவிட்டது.

இனி மிச்சமிருப்பது விதை கொட்ட வேண்டும். அதுவரை அறுபதுக்கும் கிழக்கில் ஒன்றுமில்லை. இருபது உடனே போயாக வேண்டும். தைப்பூசத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்.


ஜனவரி 24, வெள்ளி

கன்னிவாடிச் சந்தை. பக்கத்துத் தோட்டத்து மினி டெம்போவில் ஒட்டிக்கொண்டு போனேன். ஆடு எதையும் கொண்டுபோகவில்லை, நிலவரம் பார்க்கத்தான்.

உள்ளூர்க் கறிக்கடைக்காரர்கள் ஒருவரையும் காணோம். எல்லாரும் பூசம் கழியட்டும் என்று இருக்கிறார்கள். மலையாளத்துக்குப் போகிற லாரிகள் மூன்று நின்றன. சின்னமுத்து என்று ஒரு தரகர், துண்டை உதறிக் கையைப் போர்த்துக்கொண்டு வந்தார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் அங்கே விலை பேசுவார்கள். என் கையைப் பார்த்ததும் தயங்கி நின்றுவிட்டார்.

"வூட்ல ஆம்பளைங்க வரலீங்களா?"

"படுத்திருக்காருங்க. நீங்க வாயில சொல்லுங்க."

"வாயில சொன்னா நாலு பேருக்குக் கேக்குமுங்களே."

"கேக்கட்டுங்க. நானென்ன உங்களக் கட்டிக்கவா வந்தேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு விலையைச் சொன்னார். குறைவுதான். எத்தனை இருந்தாலும் ஒரே நாளில் வீட்டுக்கே வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பலகை போட்டு இரண்டு அடுக்கு. படுக்க இடமில்லை. ஒன்றின் கால் பலகைச் சந்தில் இறங்கியிருந்தது. சொன்னேன். எடுத்துவிட்டார்கள். மறுபடியும் இறங்கிற்று.

"தண்ணி எங்க காட்டுவீங்க?"

"போய்ச் சேந்துதான் அம்மிணி."


ஜனவரி 26, ஞாயிறு

இன்னொரு குட்டி போய்விட்டது. 59. அவரிடம் ஐம்பத்தொன்பது என்றே சொன்னேன். தலையாட்டினார்.

பாய் கடைக்குப் போனேன். கறி வாங்க அல்ல. இருபது ஆட்டை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"இப்ப வாரத்துக்கு ஒண்ணு அறுத்தாலே மீந்துபோகுது அக்கா. பூசம் கழிஞ்சா வாரம் நாலு, அஞ்சு எடுக்கலாம். அண்ணனாட்டம் மார்கழியிலயே ஆரம்பிச்சிருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. பல்லு விழுந்தது, மலடு, மடி கெட்டதுன்னு பாத்துப் பாத்து வாரம் ரெண்டு, மூணா எனக்கே குடுத்துருவாரு. ஒரு வருசமும் லாரிக்கு ஏத்துனதில்ல. நிக்கவெச்சே கொண்டுபோவானுக, அது பாவம்னு சொல்லுவாரு."

"எங்க ஆட்ட நீங்கதான் வாங்கறீங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். பிறகு தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

"பதினெட்டு வருசமா நாந்தானுங்க அக்கா."

"ஞாயித்துக்கெழம எடுத்து வெக்கறது?"

"அது... உங்க பட்டி உருப்படி அறுக்கறப்ப அதுலதான் எடுத்து வெப்பேன். அண்ணன் வேற கறி வாங்கமாட்டாரு. என்ன மேஞ்சுதுன்னு தெரியாத ஆட்ட எப்பிடித் திங்கறதும்பாரு."

எனக்குத் தெரியாது என்றேன். அவர் தலையாட்டினார்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். வெள்ளிக்கிழமை பட்டியில் இரண்டு குறையும். ஞாயிற்றுக்கிழமை கறி வரும். முப்பத்தொரு வருஷம் இருப்புப் பதிவேடு எழுதியவள் நான். தெரியாது என்று சொன்னதை இங்கேயும் எழுதிவைப்பது சரியல்ல.


ஜனவரி 28, செவ்வாய்

அவருக்கும் எனக்கும் சண்டை. இந்த உடம்போடு அவரால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

"லாரிக்கு வேண்டாம்" என்றார்.

"அப்ப பாய் மாசம் பூராவும் எடுப்பாரு. அதுவரைக்கும் இதுக எதைத் திங்கும்?"

"சோளத்தட்டு வாங்கு."

"தட்டு கெடைக்கறதில்லிங்க. நாலு ஊரு கேட்டுப்போட்டேன்."

"லாரிக்கு வேண்டாம்."

"இன்னும் ரெண்டு குட்டிக்குப் பால் இல்லிங்க. நின்னுட்டுப் போறது பாவம், இங்க படுத்துச் சாகறது பாவமில்லிங்களா?"

அவர் பந்தை எடுத்து அழுத்தத் தொடங்கினார். எத்தனை என்று நான் எண்ணவில்லை. கடைசியில், "எதெது?" என்றார்.

ஜனவரி மூன்றாம் தேதி கேட்ட அதே கேள்வி. அன்றைக்கே பார்த்திருந்தால் லாரி என்ற பேச்சே வந்திருக்காது. எது சாக வேண்டும் என்று கை காட்டுவது நானாக இருக்கக்கூடாது என்று இருந்தேன். அதனால் இப்போது அவை தண்ணீரில்லாமல் மலையேறப் போகின்றன.


ஜனவரி 29, புதன்

நாற்காலியைப் பட்டிக்குள்ளேயே போட்டேன். ஒவ்வொன்றாகப் பிடித்து அவர் முன்னால் கொண்டுபோனேன். வாயைத் திறந்து பல் பார்ப்பது எப்படி என்று சொல்லித்தந்தார். முன்பல் விழுந்தது, தேய்ந்தது, மடியில் கட்டி உள்ளது, குட்டி போடாமல் இரண்டு ஈத்து தவறியது. வயிற்றைக் கீழிருந்து ஏந்திப் பார்த்தால் சினை தெரியும் என்றார். அவருடைய இடது கையை என் கைமேல் வைத்து அழுத்திக் காட்டினார்.

மாலை நாலு மணிக்கு இருபத்தொன்று பிரித்தோம். லாரி தாங்கக்கூடிய பன்னிரண்டின் நெற்றியில் செம்மண். நடக்கவே சிரமப்படும் ஒன்பதைப் பாய்க்கு என்று ஒதுக்கினேன். மிச்சமிருக்கிற தட்டு அவற்றுக்கு மட்டும். அந்த ஒன்பதில் புள்ளிக்காதும் ஒன்று.


ஜனவரி 31, வெள்ளி

சின்னமுத்து பத்தரைக்கு வந்தார். எனக்கு வெளிவேலை எதுவும் இல்லை. பன்னிரண்டையும் நானே பிடித்துக் கொடுத்தேன். ஏற்றுவதற்கு முன் அண்டாவில் தண்ணீர் வைத்து ஒவ்வொன்றும் குடிக்கிறவரை நிறுத்தினேன். லாரிக்காரர் இரண்டு தடவை ஆரன் அடித்தார். அடிக்கட்டும்.

மேல் அடுக்கில் ஏழு, கீழே ஐந்து. ஏற்கெனவே எத்தனை இருந்தன என்று எண்ணவில்லை.

47.


பிப்ரவரி 1, சனி

பட்டி பெரிதாகத் தெரிகிறது. அவர் எண்ணிக்கை கேட்கவில்லை.


பிப்ரவரி 4, செவ்வாய்

சுகந்தி போன் செய்தாள். பன்னிரண்டு விற்றாயிற்று என்றேன். "நல்லாப் பாத்துக்கறவங்கதானம்மா?" என்றாள். "அப்பா பந்து பதினஞ்சு அழுத்தறாரு" என்றேன்.

அவள் பொங்கலன்று கேட்டதை யோசித்துக்கொண்டே மாவு அரைத்தேன். இந்த மண்ணில் நெல் வராது. ஆழ்குழாய்க் கிணறு தொள்ளாயிரம் அடி போட்டும் புழுதிதான் வந்தது. வருவது புல். புல்லை நம்மால் தின்ன முடியாது, ஆட்டால் முடியும். ஆடு இல்லையென்றால் இந்தப் புல்லை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். வேலியைப் பிடுங்கி மனைக்கட்டாக்கிவிடுவார்கள். இதையெல்லாம் அவளிடம் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் பலகைச் சந்தில் இறங்கிய காலுக்கு இது எதுவும் பதில் ஆகாது.

அதிகமாக வைத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. கொன்றது அதற்குப் பிறகு வந்தது.


பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ரோட்டில் காவடிக் கூட்டம். மோர் ஒரு குடம் கொண்டுபோய் ஊற்றினேன். திரும்பும்போது வடக்கு வேலி வழியாகப் பார்த்தேன். கதிர் வெளுத்துவிட்டது.


பிப்ரவரி 14, வெள்ளி

பாய் நேற்றே ஐந்தை ஏற்றிப்போய்விட்டார். காலையில் முதல் பஸ்ஸில் போனேன். கடைக்குப் பின்னால் இருக்கிற தளத்துக்கு வருகிறேன் என்று சொன்னபோது பாய் வேண்டாம் என்றார். "அண்ணனே ஒரு நாளும் வந்ததில்லிங்க அக்கா." நான் வருகிறேன் என்றேன்.

தண்ணீர் காட்டினார். ஒன்று பார்க்க இன்னொன்றை அறுப்பதில்லை. தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒவ்வொன்றாகக் கூட்டிப்போனார். புள்ளிக்காதின் பின்னங்காலை நான் பிடித்துக்கொண்டேன். பாய் அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. காலில் இருந்த துடிப்பு நிற்கத்தான் நேரம் ஆயிற்று. நிற்கிறவரை விடவில்லை.

நாலாவது ஆட்டின் வயிற்றில் கரு இருந்தது. உள்ளங்கை அளவு. இரண்டு ஈத்து தவறியது என்று நான் ஒதுக்கிய பெட்டை. என் கையால் ஏந்திப் பார்த்து இல்லை என்று சொன்ன வயிறு. பாய் அதைத் தனியாக ஒரு சாக்கில் சுற்றி வைத்தார்.

"அண்ணனுக்கும் ரெண்டு தடவ தப்பியிருக்குதுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள கைக்குத் தட்டுப்படாது."

ஆறுதலுக்குச் சொன்னார். அவருக்கும் முகம் சரியில்லை.

42.


பிப்ரவரி 16, ஞாயிறு

ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்த கறியைப் பாய் கொடுத்தனுப்பினார். மிளகு மட்டும் போட்டு வதக்கினேன். அவர் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எது?"

"புள்ளிக்காதுங்க."

கொஞ்ச நேரம் தட்டைத் தொடவில்லை. பிறகு இடது கையால் சாப்பிட்டார். நானும் உட்கார்ந்து இரண்டு துண்டு சாப்பிட்டேன். ருசி எப்போதும் இருந்த ருசிதான்.


பிப்ரவரி 21, வெள்ளி

நாலு. நானும் போயிருந்தேன். 38.


பிப்ரவரி 25, செவ்வாய்

வடக்கில் விதை கொட்டிவிட்டது. மூன்று நாளாகக் காலையில் துடைப்பத்தோடு போய், கிழக்குப் பக்கம் தூருக்கடியில் குவிந்து கிடப்பதைக் கூட்டி எடுக்கிறேன். எல்லாவற்றையும் அல்ல, நாலில் ஒரு பங்கு. மேற்கு மூன்றில் ஒன்றுக்குத் தூவ வேண்டும். இப்போதே தூவினால் எறும்பு கொண்டுபோய்விடும், சித்திரை மழைக்கு முன்னால் தூவினால் போதும் என்றார் அவர். முறத்தில் போட்டுக் கொடுத்தால் மண்ணும் கல்லும் பொறுக்குகிறார். வலது கையையும் முறத்தின் மேல் வைத்துக்கொள்கிறார். அது சும்மா கிடக்கிறது.

இன்று ஒன்றரைப் படி. முதுகு நிமிர மறுக்கிறது.

"இனி எத்தன வெச்சுக்கலாமுங்க?" என்று கேட்டேன்.

"காட்டச் சுத்தி வந்தது நீதான. நீ சொல்லு."

"நாப்பது."

"அதிகம்" என்றார். "முப்பத்தஞ்சு."

"சரிங்க. தீவாளிக்குள்ள கொறைச்சிரலாம்."


மார்ச் 2, ஞாயிறு

செவலைப் பெட்டை குட்டி போட்டது. பெட்டைக்குட்டி. 39.


மார்ச் 6, வியாழன்

வருஷா வருஷம் விதை கொட்டி முடிந்ததும் மாசிக் கடைசியில் வடக்குக் காட்டைத் திறந்துவிடுவோம். காய்ந்த புல்லை மேய விடலாம், அதில் தவறில்லை. இந்த வருஷம் முடியாது. மேற்கில் மிச்சமிருக்கும் தூர் பிழைக்க வேண்டுமென்றால் மழைவரை ஒரு குளம்பும் படக்கூடாது. நடுவில் தடுக்க வேலி இல்லை, அதனால் முழுக் காடும் மூடிக் கிடக்க வேண்டும்.

ஆடுகளுக்கு மாசம் தெரிகிறது. ஆறரைக்கெல்லாம் படலுக்கு முன்னால் வந்து நின்றன, முப்பத்தொன்பதும். கத்தின. வெள்வேலங்காய் இப்போதுதான் உதிரத் தொடங்கியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வாய்க்குத்தான் காணும். தட்டு போட்டேன். முகர்ந்துவிட்டு மறுபடியும் படலுக்கே போயின.

முள் இன்னொரு கட்டு வைத்துக் கட்டினேன். வீட்டுக்குள் வந்து அரிசி களைந்தேன். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்தார். டிவி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒன்பதே முக்காலுக்கு நாலைந்து திரும்பின. பத்தரைக்கு எல்லாமே கிழக்குக் காட்டு மர நிழலுக்குப் போய்விட்டன. குட்டி போட்ட செவலை மட்டும் நின்றது. பதினொன்றுக்குப் போய்ப் பார்த்தேன். குட்டி அதன் வயிற்றுக்கடியில் முட்டிக்கொண்டிருந்தது. செவலை என் கையைப் பார்த்தது, பிறகு படலைப் பார்த்தது. மடியைப் பிதுக்கினேன், கொஞ்சம் வந்தது. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஒரு சட்டி கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தேன். குடித்தது. குடித்துவிட்டு மறுபடியும் கத்தியது.

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பன்னிரண்டு பத்துக்கு அதுவும் குட்டியைக் கூட்டிக்கொண்டு போயிற்று. படலைத் திறக்கவில்லை.